கழற்றி வைத்த பேட்ஜ்

யாரும் கழற்றச் சொல்லவில்லை. அவராகத்தான் கழற்றினார். இதை இந்தப் பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது? இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டாளே. நடுவில் நிறுத்தினால் முகம் வாடிவிடும். படித்து முடிக்கட்டும், பிறகு சொல்லலாம். பிறகு மட்டும் எந்த வாயால் சொல்வேன்?

கலைவாணி தறிக்குழிக்குள் கால்களை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் சுகாசினி. செங்கல்பட்டில் வக்கீல். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் நீல நாடாவில் ஐடி கார்டு தொங்கியது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள் இன்னும் காப்பிகூடக் குடிக்கவில்லை. கையில் இருந்த தாளை நிதானமாகப் படித்தாள்.

"என் கணவர் தேவேந்திரன் அணுமின் நிலையத்தில் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்தார். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை மார்பில் அணிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சேஃப்டி சூப்பர்வைசர் ஆனந்தராஜ் சொன்னதன்பேரில் என் கணவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார். அதனால் அவர் உடம்பில் ஏறிய கதிர்வீச்சு எந்தக் கணக்கிலும் வரவில்லை."

நிமிர்ந்து பார்த்தாள். "இதுவரைக்கும் சரிதானேக்கா?"

கலைவாணி கையிலிருந்த தறி நாடாவை, ஊடு நூல் ஓடும் அந்த மரக்கட்டையை, புரட்டினாள். அதில் நூல் தீர்ந்திருந்தது. சுகாசினி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனாள்.

நாளைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். கடற்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், கலெக்டர் முன்னிலையில். உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை அங்கேயே ஒரு கிடங்கு கட்டி வைக்கப்போகிறார்கள். தீர்ந்தது என்றாலும் அது அணையாதாம். முதலில் தண்ணீர்த் தொட்டியில் வருஷக்கணக்கில் ஆற வேண்டும். அப்புறம் கான்கிரீட்டுக்குள். அதற்கப்புறம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சுகாசினிதான் முதல் தடவை வந்தபோது சொன்னாள். எத்தனை வருஷம் ஆகும் என்று அன்று கலைவாணி கேட்டதற்கு, சிலது பத்தாயிரம் வருஷத்துக்கும் மேலே என்றாள். அடுப்பை அணைத்த பிறகு பாத்திரம் பத்தாயிரம் வருஷம் சுடும் என்பதை மனதுக்குள் எங்கே வைத்துக்கொள்வது என்று கலைவாணிக்குத் தெரியவில்லை.

ஊர் முழுக்க இதுதான் பேச்சாக இருந்தது. டெல்லியில் அணுமின்சாரத்துக்குப் புதுச் சட்டம் வந்ததிலிருந்து டிவியில் தினமும் நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். நாட்டுக்குக் கரண்ட் வேண்டும் என்று ஒருவர். உங்கள் வீட்டுக் கொல்லையில் கொட்டிக்கொள்வீர்களா என்று இன்னொருவர். பக்கத்து வீட்டு கைலாசம் அண்ணன் முதல் கட்சி. ஆறு பவர்லூம் வைத்திருந்த மைத்துனரின் ஊரில் தினமும் எட்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தை அவர் மறக்கவில்லை. "சிலிண்டருக்குப் பயந்தா சோறு ஆக்க முடியுமாம்மா" என்பார். தேவேந்திரன் நிலையத்து வேலைக்குப் போன புதிதில் அவரைக் கண்டால், "இன்னாப்பா, உங்க வூட்ல இனிமே பல்பே வேணாம். நீ படுத்துக்கினா வூடே வெளிச்சம்" என்று தெருவே கேட்கச் சொல்லுவார். தேவேந்திரனும் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "பாருண்ணா, ஜீரோ வாட்ஸ் எரியுது" என்பார். அவர் இறந்த அன்று பாடையின் ஒரு பக்கத்தைத் தூக்கியவர் கைலாசம் அண்ணன்தான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. டிவி மட்டும் சத்தமாக ஓடும்.

கொரோனா வருஷத்தில் முகூர்த்தங்கள் எல்லாம் நின்றுபோய், தெருவில் எந்தத் தறியிலும் பாவு நூல் ஏறாமல் இருந்தபோதுதான் தேவேந்திரன் நிலையத்து வேலைக்குப் போனார். உலையை நிறுத்தி வைத்துப் பழுது பார்க்கும் மாதங்களில் ஆட்கள் நிறைய வேண்டும் என்று காண்டிராக்டர் வேன் அனுப்பினார். ஆறு மாதம் என்று போனவர் மூன்று வருஷம் இருந்தார். துடைக்கிற வேலை. தரை, குழாய், குழாயின் அடிப்பக்கம், மடிப்பு, இடுக்கு. அவரைப்போல் துடைக்க ஆள் இல்லை என்று அங்கே பேர் வாங்கினார். ஒரு இழை அறுந்தால் விரல் நுனியிலேயே தெரிகிற கை. அந்தக் கைக்கு இடுக்கில் இருக்கும் அழுக்கு தப்புமா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "நெஞ்சுல ஒரு பேட்ஜ் குத்திக்கச் சொல்றாங்க. குனிஞ்சா அது வந்து கை போற எடத்துல ஆடிக்கினே இருக்குது. வேலையே ஓட மாட்டேங்குது. கழட்டி ஆணியில மாட்டிட்டு உள்ள போயிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஆனந்தராஜ் தம்பி பாத்துட்டு ஒரே திட்டு. அண்ணே, அது உன் கண்ணுண்ணே, கண்ணைக் கழட்டி வெச்சிட்டு எவனாச்சும் வேலை செய்வானான்னு கேக்கறான்."

"அப்ப குத்திக்க வேண்டியதுதானே" என்று இவள் சொன்னாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு என்னவென்று அப்போது இவளுக்கு என்ன தெரியும்? கம்பெனிக்காரர்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்ள மாட்டுவது என்று நினைத்தாள்.

ஆனந்தராஜ் பார்க்கும்போதெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் இவர் கழற்றியிருக்கிறார்.

மூன்றாம் வருஷம் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம் காய்ச்சல். காரைப்பேட்டை ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்று என்று சொன்னார்கள். அங்கே நடையில் ஒரு கதவின்மேல் மஞ்சள் பலகையில் மூன்று கறுப்பு இறக்கை போட்ட படத்தைப் பார்த்து தேவேந்திரன் நின்றுவிட்டார். "எங்க வேலை செய்யற எடத்துல இதே போர்டுதான்" என்றார். உள்ளே ஒரு அம்மாளுக்கு அதே கதிரை வைத்துக் கட்டியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பிழைத்துவிட்டாள். பிறகு ஒருநாள் ராஜ வீதியில் பூ வாங்கும்போது கலைவாணியைப் பார்த்துச் சிரித்தாள்கூட.

வேலையினால் வந்ததா என்று இவள் டாக்டரிடம் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பேட்ஜில் அளவு ரொம்பக் குறைவாகத்தானே காட்டியிருக்கிறது என்றார் அவர். பொய் சொல்லும் முகமாக இல்லை. தேவேந்திரனின் தாய்மாமனும் இதே நோயில் போனவர்தான். சாயப் பட்டறையிலேயே ஆயுளைக் கழித்தவர், கடலைக் கண்ணால் பார்க்காதவர். எது எதனால் வந்தது என்று இவள் எத்தனையோ தடவை யோசித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஆணியில் தொங்கும் பேட்ஜ்தான் கண்ணில் வரும். உண்மை ஏதாவது இருந்தால் அது அதில் பதிந்திருக்க வேண்டும். அது பார்த்ததெல்லாம் சுவரைத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் காண்டிராக்டர் ஆபீசிலிருந்து வெங்கடேசன் என்பவர் பழம், பூவோடு வந்து ஒரு தாளை நீட்டினார். பாதுகாப்பு விதிகளை முறையாகக் கடைப்பிடித்து நல்ல முறையில் பணியாற்றியவர் என்று அதில் எழுதியிருந்தது. அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து இவள் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டாள். சுகாசினி வந்து அந்த நகலைப் படித்துக்காட்டியபோதுதான் அது கம்பெனிமேல் பழி வராமல் இருக்க வாங்கிய கையெழுத்து என்று புரிந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அன்று சொல்லிவிட்டாள். "முறையா எங்கம்மா? அதக் கழட்டி வெச்சிட்டுத்தான் வேலையே செஞ்சாரு." சுகாசினியின் பேனா அங்கேயே நின்றது. அப்போது அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தைக் கலைவாணி பார்த்தாள். சூப்பர்வைசரின் பேரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள், கழற்றச் சொன்னது யார் என்று கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

"இன்னும் ஒரே பத்திதான்க்கா" என்று சுகாசினி இப்போது சொன்னாள். தொண்டை வறண்டிருந்தது. உள்ளேயிருந்து மகள் சங்கீதா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் வேலை செய்பவள். இன்று அவளுக்கு வார லீவு. லீவு நாட்களில் அப்பா இருந்த இடத்தில் அம்மா உட்கார, அம்மா இருந்த இடத்தில் அவள் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீசுவாள். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் இரண்டு பேர் வேண்டும்.

டம்ளரோடு எழுந்து வந்த சுகாசினி, தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையும் கூடும் இடத்தைக் காட்டி, இதைத்தான் கோர்வை என்பதா என்று கேட்டபடி குனிந்தாள். ஐடி கார்டு நாடாவோடு முன்னால் ஊசலாடியது. அது பாவில் உரசுவதற்குள் கலைவாணியின் கை பறந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டது.

"கழட்டிட்டு வாம்மா."

குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. சுகாசினி அதைத் தலைவழியாகக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்து மறுபடி குனிந்தாள். பட்டுப் பாவுக்குமேல் எதுவும் தொங்கக் கூடாது, ஒரு இழையில் மாட்டினால் நாலு இழையை இழுத்துக்கொண்டு போகும் என்று சங்கீதா அவளுக்கு விளக்கினாள். தறியில் உட்காரும் ஆம்பிளைகள் சட்டைகூடப் போட மாட்டார்கள், பட்டன் படும் என்று. பொம்பளைகள் தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார்கள். கலைவாணிக்கு இப்போது செருகிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் குழியில் இறங்கும்போது கை நெஞ்சுக்குப் போய்விட்டுத்தான் வருகிறது.

கழட்டிட்டு வாம்மா.

தன் குரல் தன் காதிலேயே நின்றுவிட்டது. இதே குரல்தான்.

கல்யாணமான இரண்டாம் வருஷம். அப்போதெல்லாம் அவர் கழுத்தில் ஒற்றை ருத்ராட்சம் கறுப்புக் கயிற்றில் தொங்கும். ஒரு கல்யாணப் புடவை, முந்தி முடிய நான்கு விரல் இருந்தது. அவர் எக்கிக் குனிந்தபோது ருத்ராட்சத்தின் முள் பாவில் மாட்டியது. நிமிர்ந்தார். பதினோரு இழை அறுந்தது. பிணைத்துச் சரிசெய்தும் கண்ணுக்குத் தெரிந்தது. இவள் அன்று பேசின பேச்சு கொஞ்சமில்லை. "நெஞ்சுல எதையாச்சும் மாட்டிக்கினு தறிகிட்ட வராதே. வந்தேன்னா நான் உட்கார மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் அவர் குழியில் இறங்குமுன் ருத்ராட்சத்தைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்தார், போதுமா என்பதுபோல. இருபத்து நான்கு வருஷம் அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் வேலைக்கு உட்கார்ந்தார்.

ஆணி இப்போதும் அங்கேதான் இருந்தது. ருத்ராட்சமும்.

யாரும் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேனே, என்று அவள் நினைத்தாள். யார் கழற்றச் சொன்னது என்று கலெக்டர் முன்னால் கேட்டால் நான் யாரைக் காட்டுவேன்?

"சுகாசினி" என்றாள். "அதுல ஒரு வரி தப்பாருக்குதும்மா. ஆனந்தராஜ் கழட்டச் சொல்லல. மாட்டிக்கத்தான் சொன்னான். இவருதான் கேக்கல. குனிஞ்சி வேலை செஞ்சா நெஞ்சுல எதுவும் தொங்கக் கூடாது இவருக்கு. தறிப் பழக்கம்."

சுகாசினி டம்ளரைக் கீழே வைத்தாள். நாற்காலிக்குத் திரும்பி, தாளை மடியில் வைத்து, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கலைவாணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதை இப்படியே சொன்னால் என்ன நடக்கும் என்று சுகாசினி மெதுவாக எடுத்துச் சொன்னாள். தொழிலாளியின் சொந்த அலட்சியம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இனி யார் செத்தாலும் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மூன்று வருஷம் ஒருத்தர் பேட்ஜ் இல்லாமல் உள்ளே போய் வந்திருக்கிறார், அது ஒரு பதிவேட்டிலும் இல்லை, இவர்களை நம்பிப் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு கிடங்கை எப்படி ஒப்படைப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி பொய்யில்லை. கரையோரக் குப்பங்களிலிருந்து அத்தனை பேர் வருகிறார்கள். மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்து அவர்களில் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள். உள்ளே வேலை செய்த குடும்பம் என்று பேச இவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

"அந்த ஒரு வரி மட்டும் இப்படி இருக்கட்டும்க்கா" என்றாள். "மத்ததெல்லாம் உண்மைதானே."

"ஆனந்தராஜுக்கு வேலை பூடுமே."

"அவர் மேல எதுவும் வராது. நம்ம கேள்வி நிலையத்தைப் பத்தித்தான்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். கலைவாணி அவள் முகத்தைப் பார்த்தாள். நிலையத்துக்கு மேல் டெல்லி வரைக்கும் எத்தனை பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் ஒவ்வொரு படியாகக் கைகாட்டிக்கொண்டே வந்தால் கடைசிப் படியில் நிற்பவன் யார் என்று இவளுக்குத் தெரியும். போன வாரம் ஆனந்தராஜ் வந்திருந்தான். திருப்பருத்திக்குன்றம் தாண்டி அவன் ஊர். தேவேந்திரன் படுத்துவிட்ட முதல் நாள் அவரைத் தோளில் சாய்த்து வேனிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தவன். அன்று தெருவில் இரண்டு பேர் அவன் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்தது இவள் காதில் விழுந்தது. தண்ணீர் கொடுத்தபோது டம்ளரை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடித்தான். போன வாரமும் உள்ளே வந்து உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, வக்கீல் எழுதும் பேப்பரில் என் பேர் வருவதாகக் கேள்விப்பட்டேன் என்றான். பேர் வந்துவிட்டால் கேட் பாஸ் தர மாட்டார்கள் என்றான். எதையும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நீங்க எது சொன்னாலும் சரிங்க அண்ணி. உங்க வூட்ல போனது உசுரு. நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணும் அவர" என்றான்.

சங்கீதா அதுவரை கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "சொன்னா இன்னாம்மா?" என்றாள். "அவரு சூப்பர்வைசர்தானே. பாத்துக்க வேண்டியது அவரு வேலைதானே. அப்பா செத்துட்டாரு, யாருமே காரணம் இல்லன்னு எல்லாரும் கைய கழுவிக்கினாங்க. நீயும் அதையே சொல்றே. இதுக்கு யாராச்சும் ஒருத்தராவது பதில் சொல்லணுமில்ல?"

குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. கலைவாணி மகளைப் பார்த்தாள். பதில் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாமா? ஆணியைக் காட்டி, இதை உங்கப்பாவுக்குப் பழக்கினவள் நான் என்று சொல்லலாமா? சொன்னால் சங்கீதா, போம்மா, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம் என்பாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள்கூட. அதற்கப்புறம் லீவு நாட்களில் வலது பக்கம் உட்கார்ந்து நாடாவை வீசும்போது அவள் பார்வை அந்த ஆணிக்குப் போய்ப் போய் வரும்.

தவிர, அது மட்டும் உண்மை என்று எப்படித் தெரியும்? தாய்மாமன் எந்த பேட்ஜைக் கழற்றினார்? தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதில்கூட உறுதியாக நிற்க முடியவில்லை அவளால். கையை ஊன்ற ஒரு இடம் இல்லை. கிடங்கு வந்தாலும் வரும், வராவிட்டாலும் இதுவரை எரிந்து தீர்ந்தது அங்கேயேதான் தண்ணீருக்குள் சுட்டுக்கொண்டிருக்கும். இவள் பேசினாலும் பேசாவிட்டாலும் அது ஆறாது. பேசினால் ஆனந்தராஜின் வீட்டில் அடுப்பு அணையும். பேசாவிட்டால், வெங்கடேசன் கொண்டுவந்த தாளில் அவர் விதிகளை முறையாகக் கடைப்பிடித்தவராகவே இருப்பார். இரண்டு தாளிலும் இருக்கும் தேவேந்திரன் அவளுக்குத் தெரியாத ஆள்.

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஒருவர் இன்னொருவரைப் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். கைலாசம் அண்ணன் சத்தத்தைக் குறைத்தார்.

சுகாசினி தாளையும் பேனாவையும் தறிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் வைத்தாள். நாளை காலை ஏழு மணிக்கு வேன் வரும், நேராக வாசலுக்கே வந்துவிடும் என்றாள். கையெழுத்து இப்போதே வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள் பேசுபவர்களின் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். மண்டபத்தில் நான் பக்கத்திலேயே இருப்பேன், நீங்கள் படிக்கக்கூட வேண்டாம், நானே படித்துவிடுவேன், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். கைகூப்பினாள். அந்தப் பெண் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் முன்னால் இப்படிக் கைகூப்பியிருப்பாள் என்று கலைவாணிக்குத் தோன்றியது.

"அந்த வரிய எடுத்துட்டா கையெழுத்துப் போடறேன்."

"அத எடுத்துட்டா இதுல ஒண்ணுமே இல்லக்கா."

"ஆமா" என்றாள் கலைவாணி.

குழியிலிருந்து மெதுவாக மேலே ஏறினாள். கால் மரத்துப்போயிருந்தது. பெஞ்சில் இருந்த தாளை எடுத்து ஓரம் பிசகாமல் நான்காக மடித்தாள். ஜன்னல் கட்டையில் கிடந்த ஐடி கார்டையும் எடுத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அந்தப் பெண் மறந்துவிட்டுப் போய்விடுவாள். நீல நாடாவைச் சுகாசினியின் தலைவழியாகப் போட்டு, கார்டு நெஞ்சின்மேல் நேராக நிற்கும்படி சரிசெய்தாள். மடித்த தாளை அவள் கையில் வைத்தாள்.

"வேன் அனுப்பாதம்மா" என்றாள். "நான் வரல."